ஷுவார் பிள்ளைகளிடம் போகும் முன்

ஈக்வடாரின் அமேசான் காட்டுக்குள் இருக்கும் கிறிஸ்தவ மிஷனில் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யக் கிளம்புகிறீர்களா? முதலில் ஒரு தராசை நினைவில் வையுங்கள். சாலை போகாத ஊர்களுக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் விமானம் வராது. காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே பொம்மை, சாக்லேட் மூட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சொத்தைப் பல்லுக்கு அந்தக் காட்டில் மருத்துவரை எங்கே தேடுவது?

அங்கே ஷுவார், அச்சுவார் மக்களிடையே நெடுங்காலமாக இருப்பது சலேசிய சபை. நம் ஊரில் டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்துகிறதே, அதே சபைதான். பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைத்து, தாய்மொழி பேசவிடாமல் வளர்த்த கதையும் அந்த மிஷன்களுக்கு உண்டு. பிறகு போக்கு மாறியது. 1964இல் ஷுவார் கூட்டமைப்பு உருவானபோது சலேசியர் துணை நின்றார்கள். 1972இல் ஷுவாரிலும் ஸ்பானியத்திலும் வானொலிப் பள்ளி தொடங்கியது. வகுப்பில் ஒரு வானொலிப் பெட்டி, பக்கத்தில் உள்ளூர்த் துணை ஆசிரியர், அவ்வளவுதான். பிள்ளை தன் வீட்டிலிருந்தபடியே படித்தது.

இந்தக் கதையை நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போவது ஆசிரியர் இல்லாத ஊருக்கு அல்ல. அங்கே ஓர் ஆசிரியர் இருப்பார், அந்த ஊர்க்காரராகவே இருப்பார். அவருக்குக் கை கொடுப்பதுதான் உங்கள் வேலை. கணக்குப் பாடத்துக்கு அட்டை செய்து கொடுங்கள், பின்தங்கிய நாலு பேரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், பந்து விளையாடுங்கள், சமையற்கட்டில் மரவள்ளி உரியுங்கள். பிள்ளைகள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் அது உங்களுக்குக் கிடைத்த பரிசு என்று மட்டும் நினைக்காதீர்கள். வந்து வந்து போகிறவர்களிடம் ஒட்டிக்கொண்டு உடைவது அந்தப் பிள்ளைதான். மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர் பிள்ளைகள் பக்கம் போகாமல் கூரை மாற்றுவது, கணினி பழுது பார்ப்பது என்று இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

காவல்துறை நற்சான்று கேட்காத மிஷனுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். பிள்ளையோடு பெரியவர் தனியறையில் இருக்கக் கூடாது, படம் எடுத்துப் போடக் கூடாது என்ற விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எந்த விசாவில் வர வேண்டும், டிக்கெட் யார் செலவு, காய்ச்சல் வந்தால் எப்படி வெளியே கொண்டுவருவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கிற இடம் சரிப்படாது. அமேசான் பகுதியில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்டில் போய் இறங்கினால் வகுப்பு பூட்டிக் கிடக்கும்.

ஸ்பானியம் பேச்சளவுக்காவது வேண்டும். கூடவே ஷுவாரில் பத்து வார்த்தை பழகினால் பாட்டிமார் சிரிப்பார்கள்.

ஷுவார் வீட்டுக்குப் போனால் கிண்ணத்தில் வெள்ளையாகச் சீச்சா வரும். மரவள்ளிக் கிழங்கை அவித்து, பெண்கள் ஒரு பங்கை வாயில் மென்று துப்பிக் கலந்து புளிக்கவைத்த பானம். மறுத்தால் மனம் நோகும். இரண்டு கையால் வாங்கி உதட்டிலாவது வையுங்கள். எட்டு வயதுப் பிள்ளை நீளக் கத்தியோடு தோட்டத்துக்குக் கிளம்பினால் பதறிப் பிடுங்கவும் வேண்டாம்; அது உங்களைவிட நன்றாக வெட்டும்.

திரும்பி வந்து வேலைக்கு மனுப் போடும்போது 'அமேசானில் சமூக சேவை' என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்த மொழியில், நீங்கள் விட்டு வந்த பாட அட்டைகளை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வரியையே அடித்துவிடலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். ஈக்வடாரிலிருந்து அந்தச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அந்த மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வேறு விமானத்தில் வந்து சேர்வதும் உண்டு.