கடைக்கு வேண்டிய ஆங்கிலம்: ‘விற்கப்படும்’ என்பதை எப்படிச் சொல்வது?

நம் கடைவீதிப் பலகைகளைப் பாருங்கள். ‘பழைய சாக்குகள் வாங்கப்படும்’, ‘ஆர்டரின் பேரில் வீட்டுக்கே சப்ளை செய்யப்படும்’, ‘கடன் கொடுக்கப்பட மாட்டாது’. யார் வாங்குகிறார், யார் கொடுக்க மாட்டார் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. கடைக்காரர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்பவரை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சொல்லும் இந்த முறைக்கு இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று பெயர்.

கம்பெனிக் கடிதம், வங்கிக் கடிதம், வரித்துறை நோட்டீஸ் ஆகிய மூன்றிலும் நாம் பெரும்பாலும் காண்பது இந்த நடைதான். ஆகவே வணிகர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. வழக்கமாக நடப்பது

பொருளின் பெயர், அடுத்து இஸ் அல்லது ஆர், அடுத்து வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். இவ்வளவுதான் அமைப்பு.

ரைஸ் இஸ் சோல்டு ஹியர் - இங்கு அரிசி விற்கப்படும்.
ஓல்டு கன்னி பேக்ஸ் ஆர் பாட் ஹியர் - இங்கு பழைய சாக்குகள் வாங்கப்படும்.
கிரெடிட் இஸ் நாட் கிவன் - கடன் கொடுக்கப்பட மாட்டாது.

இங்கே நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘விற்கப்படும்’ என்பது வழக்கத்தையும் குறிக்கும், இனி நடக்கப்போவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு. ‘ரைஸ் வில் பி சோல்டு ஹியர்’ என்று எழுதினால், இனிமேல்தான் விற்கப் போகிறோம் என்று பொருளாகிவிடும். வழக்கத்தைச் சொல்ல இஸ், ஆர் போதும்.

இஸ் எங்கே, ஆர் எங்கே? அரிசி, சர்க்கரை, எண்ணெய், பருப்பு, மாவு போன்று அளந்தும் நிறுத்தும் விற்பவற்றுக்கு இஸ். முட்டை, தேங்காய், சாக்கு, பில் போன்று எண்ணக்கூடியவை பலவாக இருந்தால் ஆர். சரக்கு என்னும் பொருளில் வரும் ‘கூட்ஸ்’ என்ற சொல்லுக்கு எப்போதும் ஆர்தான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்றாம் வடிவங்கள்: விற்க - சோல்டு, வாங்க - பாட், அனுப்ப - சென்ட், கட்ட - பெய்டு, வைக்க - கெப்ட், எடுக்க - டேக்கன், கொடுக்க - கிவன், எழுத - ரிட்டன், எடைபோட - வெய்டு, கட்டி வைக்க - பேக்டு.

விற்கும் அளவைச் சொல்ல ‘பை தி’ சேர்க்க வேண்டும். ‘ஆயில் இஸ் சோல்டு பை தி லிட்டர்’, ‘எக்ஸ் ஆர் சோல்டு பை தி டஜன்’.

2. இந்த நிமிடம் நடந்து கொண்டிருப்பது

இஸ், ஆர் ஆகியவற்றுக்குப் பின் ‘பீயிங்’ சேருங்கள்.

யுவர் ஆர்டர் இஸ் பீயிங் பேக்டு - உங்கள் ஆர்டர் இப்போது கட்டப்பட்டுக் கொண்டிருக்கிறது.

வாடிக்கையாளர் தொலைபேசியில் அவசரப்படுத்தும்போது சொல்லத்தக்க பதில் இது.

3. நடந்து முடிந்துவிட்டது

ஒருமைக்கு ‘ஹேஸ் பீன்’, பன்மைக்கு ‘ஹேவ் பீன்’.

தி லோடு ஹேஸ் பீன் சென்ட் - லோடு அனுப்பப்பட்டுவிட்டது.
தி கூட்ஸ் ஹேவ் பீன் டெலிவர்டு - சரக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

மொத்த வியாபாரி ‘ஆர் பீயிங் சென்ட்’ என்று எழுதினால் சரக்கை அனுப்பும் வேலை இன்னும் முடியவில்லை. ‘ஹேவ் பீன் சென்ட்’ என்று எழுதினால் சரக்கு அவர் கையை விட்டுப் போய்விட்டது. லாரி ஆபீஸில் விசாரிக்க வேண்டியது இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான்.

4. அன்று அப்படி, இன்று இப்படி

முன்பு நடந்ததற்கு வாஸ், வேர். இப்போது நடப்பதற்கு இஸ், ஆர். விட்டுவிட்ட பழக்கத்துக்கு ‘நோ லாங்கர்’.

பில்ஸ் வேர் ரிட்டன் பை ஹேண்டு, நவ் தே ஆர் பிரின்டட் - அன்று பில் கையால் எழுதப்பட்டது, இன்று அச்சிடப்படுகிறது.

பிளாஸ்டிக் கேரி பேக்ஸ் ஆர் நோ லாங்கர் கிவன் - பிளாஸ்டிக் பைகள் இப்போது கொடுக்கப்படுவதில்லை.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருப்பதால், இந்த வாசகத்தைக் கல்லாவுக்கு அருகில் எழுதி வைக்கலாம். வெளிமாநில வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

5. நோட்டீஸ் வந்தால்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஜி.எஸ்.டி. பதிவு பற்றி வரும் கடிதத்தில் கீழ்க்கண்ட இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

‘இஸ் லயபிள் டு பி கேன்சல்டு’ என்றால், ரத்து செய்யப்படத்தக்கது என்று பொருள். இன்னும் ரத்தாகவில்லை. காரணம் கேட்டு வரும் இந்த நோட்டீஸின் படிவம் ரெக்-17. நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் ரெக்-18 படிவத்தில் பதில் கொடுக்க வேண்டும். பதில் திருப்தியாக இருந்தால் நடவடிக்கை கைவிடப்படும்.

‘ஹேஸ் பீன் கேன்சல்டு’ என்றால், ரத்து செய்யப்பட்டுவிட்டது. இந்த உத்தரவு வருவது ரெக்-19 படிவத்தில். பதிவு ரத்தானபின் வரி போட்டு பில் கொடுக்க முடியாது. அதிகாரி தாமாக ரத்து செய்திருந்தால், உத்தரவு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ரத்தை நீக்கக் கோரி மனுச் செய்யலாம்.

முதலாவதை இரண்டாவதாக நினைத்து, ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று சோர்ந்து உட்கார்ந்தால் அந்த 7 நாட்கள் வீணாகப் போய்விடும். இரண்டாவதை முதலாவதாக நினைத்தால், ரத்தான எண்ணிலேயே பில் போட்டுக் கொண்டிருப்போம். ‘லயபிள் டு பி’, ‘ஹேஸ் பீன்’ ஆகிய இரண்டையும் கண்ணால் பார்த்ததும் அடையாளம் காணப் பழகுங்கள். கண்டதும் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு கணக்கரிடம் செல்லுங்கள்.

‘ஷால் பி’, ‘இஸ் ரிக்வயர்டு டு பி’ என்று வந்தால் கட்டாயம் என்று கொள்க. ‘மே பி’ என்று வந்தால் அநேகமாக அனுமதி. எனினும் ‘மே பி கேன்சல்டு’ போன்ற இடங்களில் அது எச்சரிக்கை.

பயிற்சி

ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக் கொள்ளவும்.

அ. முட்டை இங்கு விற்கப்படும்.
ஆ. உங்கள் சர்க்கரை எடை போடப்பட்டுக் கொண்டிருக்கிறது.
இ. பணம் கட்டப்பட்டுவிட்டது.
ஈ. இப்போதெல்லாம் பில் கையால் எழுதப்படுவதில்லை.
உ. சரக்கு நாளை அனுப்பப்படும்.

விடைகள்

அ. எக்ஸ் ஆர் சோல்டு ஹியர்.
ஆ. யுவர் ஷுகர் இஸ் பீயிங் வெய்டு.
இ. தி மணி ஹேஸ் பீன் பெய்டு.
ஈ. பில்ஸ் ஆர் நோ லாங்கர் ரிட்டன் பை ஹேண்டு.
உ. தி கூட்ஸ் வில் பி சென்ட் டுமாரோ.

கடைசி வாக்கியத்தில் ‘நாளை’ என்று இருப்பதால் ‘வில் பி’ சரியே. ஐந்தும் சரியாக வந்தவர்கள், கடையில் உள்ள பிள்ளைகளுக்கும் தினம் இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் மதிய வேளையில் பத்து நிமிடம் போதும்.