பாறைப் பாசியும் பனிப் பாசியும்

திருவண்ணாமலை இரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் மலைப்பாதையில், மழை நின்ற மறுநாள் நடந்து பாருங்கள். மழைநீர் வழிந்த பாறைகளில் மேலிருந்து கீழாகக் கரிய கோடுகள் இறங்கியிருக்கக் காண்பீர்கள். அவற்றை அழுக்கென்றே பலரும் எண்ணுவர். நீர் வழியும் தடங்களில் குடியேறி வாழும் நீலப்பசும்பாசியே அங்ஙனம் கறுத்துத் தோன்றுகின்றது. சித்திரை வெயிலில் அப்பாறைமேல் வெறுங்கால் வைத்தல் அரிது. பாசியோ அங்கேயே காய்ந்து கிடந்து, ஒரு மழைக்கு மீண்டும் தளிர்க்கின்றது. தீயுருவாகப் போற்றப்படும் மலையில் இச்சிற்றுயிர் இல்லறம் நடத்துவது எனக்கு என்றும் வியப்பே.

பாசி பச்சையாகவன்றோ இருத்தல் வேண்டும்? இது கறுத்தது ஏன்? ஞாயிற்றொளியில் நம் கண்ணுக்குப் புலனாகும் பகுதியைக் கொண்டே பாசி தன் உணவை ஆக்குகின்றது. அவ்வொளியோடு கூடிவரும் புறவூதாக் கதிரோ கண்ணுக்குப் புலனாகாது. உயிரணுவினுள் புகுந்து அதன் மரபுப்பொருளைச் சிதைக்கும். வெயிலை விட்டு ஒதுங்கினால் பட்டினி. வெயிலில் கிடந்தால் ஊறு. ஆகவே பாறைப்பாசி தன்னைப் போர்த்துள்ள உறையில் சைட்டோனெமின் என்னும் பழுப்பு நிறமியைச் சேர்த்து வைத்து, அக்கதிரைத் தடுத்துக்கொள்கின்றது. நாம் அழுக்கென்று கருதியது அதன் குடையேயாம்.

இனி, வெயிலுக்கு முற்றும் மாறான தென்முனைக்குச் செல்வோம். நம் நாட்டின் ‘பாரதி’ ஆய்வுநிலையம் 2012-இல் அங்குக் கடற்கரையை அடுத்து அமைக்கப்பெற்றது. குளிர்காலத்தில் அக்கண்டத்தைச் சூழ்ந்த கடலின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியாகின்றது. அதனைப் புரட்டினால் அடிப்புறம் காவி நிறமாயிருக்கும். பனிக்கட்டியின் நுண்துளைகளில் தேங்கிய உவர்நீரில் டயாட்டம் என்னும் பாசிகள் கூட்டங்கூட்டமாக வாழ்வதே அதற்குக் காரணம். மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட அங்குச் சென்று சேராத நாள்கள் பல. அம்மங்கலொளியே அவற்றிற்குப் போதும். தலைக்குமேலுள்ள வெண்பனியும் கட்டியுமே அவற்றின் குடை.

அக்குடை நீங்கினால்? இளவேனிலில் வெண்பனி உருகிக் கட்டியும் மெலிந்தவுடன், இருளில் பழகிய பாசியின்மீது கடுவொளி திடீரெனப் பாய்கின்றது. பச்சையம் வெளிறுகின்றது, வளர்ச்சி தளர்கின்றது. சிதைந்ததைச் செப்பனிடும் வேலையும் கடுங்குளிரில் மெல்லவே நடக்கும். சில பாசிகள் கதிரை விழுங்கும் பொருள்களைத் தம்முள் ஆக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கும் நாள்கள் வேண்டும்.

தென்முனை வானில் ஓசோன் படலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மிகவும் மெலிந்துவருவதை ஆங்கிலேய அறிஞர்கள் 1985-இல் வெளியிட்டனர். பாசி தழைக்கத் தொடங்கும் பருவமும் அதுவே! 1987-இல் உலக நாடுகள் மான்றியாலில் உடன்படிக்கை செய்து, படலத்தைக் கெடுக்கும் வளிகளைக் குறைக்க முற்பட்டன. அதன் பயனாகப் படலம் மெல்லத் தேறிவருகின்றது. பனியின் நிலையோ வேறு. செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்துவரும் 1979 முதற்கொண்டு நோக்கினால், 2023-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில்தான் தென்முனைக் கடற்பனி மிகக் குறைந்த பரப்பளவில் உறைந்தது. கிரில் என்னும் இறால்போன்ற உயிரின் குஞ்சுகள், வேறு இரை அரிதாகும் அக்குளிர்காலத்தில், பனிக்கட்டியின் அடியில் ஒட்டியுள்ள பாசியைச் சுரண்டித் தின்றே பிழைக்கின்றன. பெங்குயினும் திமிங்கிலமும் உண்பது அக்கிரிலையே.