எடை கூடினால் பலம் கூடுமா?

ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு உடம்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். வைத்தியம் எனக்குத் தெரியாது. சுமைக் கணக்கு தெரியும். அந்தக் கணக்கு என் வீட்டிலேயே தவறிப்போனது. டோம்பிவிலியிலும் மாட்டுங்காவிலும் நம் பிள்ளைகள் பலர் ஜிம்முக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என் தங்கை மகன் எங்களோடு தங்கிப் படிக்கிறான். 21 வயது. பவர்லிஃப்டிங்கில் ஆர்வம். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்றிலும் தூக்கிய பளுவைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பார்கள். ஆண்களுக்கு 59, 66, 74, 83, 93, 105, 120 கிலோ, அதற்கும் மேல் என்று உடல் எடைப் பிரிவுகள். 73 கிலோ இருந்த பையன், "83 கிலோ பிரிவுக்குப் போனால் இன்னும் தூக்கலாம் மாமா" என்றான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமே என்று நானும் தலையாட்டினேன். தினமும் இரண்டு லிட்டர் கெட்டிப் பால் வாங்கி வந்து கொடுத்தவனும் நான்தான்.

எடையால் நன்மை உண்டா?

உண்டு. எங்கள் டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினின் எடை 123 டன். தண்டவாளத்தில் பிடிமானம் அதிகரிக்க வேண்டும் என்பதற்காகவே எடையை 132 டன்னாகக் கூட்டி, 9-எச் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆறு அச்சுகளில் ஒவ்வொன்றும் அப்போது 22 டன் தாங்க வேண்டும். தண்டவாளமும் பாலமும் அதற்கு ஈடு கொடுக்குமா என்று பார்த்த பிறகே வண்டியை விடுவார்கள். உடம்புக்கு அந்தச் சோதனையை நாங்கள் செய்யவில்லை.

கணக்கு எங்கே தவறியது?

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி அடங்கியிருக்கிறது. தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி சாப்பிட்டால் மாதம் ஏறத்தாழ நான்கு கிலோ ஏறும். ஆனால் தசை அந்த வேகத்தில் வளராது. நல்ல பயிற்சியில்கூட மாதம் ஒரு கிலோ தசை என்பது பெரிய காரியம். மீதியெல்லாம் பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான். இரண்டு லிட்டர் பாலிலேயே சுமார் 1700 கலோரி வந்துவிடுகிறது. அதற்கு மேல் எடை கூட்டும் பொடி வேறு. டப்பாவைத் திருப்பிப் படித்தால் பெரும்பகுதி மாவுச்சத்து!

நான்கு மாதத்தில் எடை 84 கிலோ. ஸ்குவாட் 150 கிலோவிலிருந்து 165 ஆயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். முன்பு தன் எடையைப் போல் 2.05 மடங்கு தூக்கியவன், இப்போது 1.96 மடங்குதான் தூக்குகிறான். போதாததற்கு, 83 பிரிவைத் தாண்டிவிட்டதால் போட்டிக்கு முன் இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்து, எடை பார்க்கும் இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

உடம்பு கொடுத்த விலை

அந்த வாரமே குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் 148/96. இடுப்புச் சுற்றளவு 82 சென்டிமீட்டரிலிருந்து 94. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. இரவில் பெருங்குறட்டை, இடையிடையே மூச்சு நின்று நின்று வரும். பளு தூக்கும்போது மூச்சைப் பிடிப்பதால் அந்தக் கணத்தில் எவருக்கும் இரத்த அழுத்தம் வெகுவாக ஏறும். சும்மா இருக்கும்போதே ஏறியிருந்தால் இதயத்துக்கும் மூளை நரம்புகளுக்கும் ஆபத்து என்றார் டாக்டர். இந்தியர்களாகிய நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேரும் சுபாவம் அதிகம். குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

ஜப்பானில் சுமோ மல்யுத்த வீரர்கள் காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்து, பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். கடும் பயிற்சி இருக்கும் வரை கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் தங்கும். ஓய்வு பெற்றபின் அது உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து நோய் தருகிறது. பயிற்சி ஒரு நாள் நிற்கும். ஏறிய எடை தானாக இறங்காது.

சரியான முறை

1. வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை சதவீதம் வரை ஏற்றினால் போதும். 74 கிலோ உள்ளவருக்கு இது சுமார் 190 முதல் 370 கிராம்.

2. தேவைக்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி போதும். புரதம் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம். பயறு, சோயா, பனீர், முட்டை, மீன் இவற்றிலேயே கிடைக்கும்.

3. தராசைவிட டேப்பை நம்புங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

4. மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். குறட்டையை அலட்சியம் செய்யாதீர்கள்.

5. முகம் தெரியாத பொடிகள் வேண்டாம். சிலவற்றில் லேபிலில் எழுதாத ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது உடம்பையும் கெடுக்கும், ஊக்கமருந்துச் சோதனையில் பெயரையும் கெடுக்கும்.

பையன் டாக்டர் சொன்னபடி மெல்ல இறங்கினான். ஓராண்டுக்குப் பின் இன்று 79 கிலோ, இடுப்பு 85, இரத்த அழுத்தம் 126/80. ஸ்குவாட் 170 கிலோ, அதாவது 2.15 மடங்கு. பவர்லிஃப்டிங் விதியில் இன்னொன்றும் உண்டு: இருவர் சமமாகத் தூக்கினால் உடல் எடை குறைந்தவருக்கே முதலிடம்.

இப்போதும் பால் வாங்கப் போகிறேன். அரை லிட்டர்தான்.