மேயரைக் கணிக்க வந்த தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் மாநகராட்சிகளை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. சட்டமன்றத் தேர்தலுக்குக் கற்றுக்கொண்ட முறையைக் கொஞ்சம் திருத்தினால் மேயர் தேர்தலுக்கும் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உன்னைப் போல இந்த வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி 19 அன்று சென்னையில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட மேயருக்குப் போடவில்லை. கவுன்சிலருக்குத்தான் போட்டார்கள். மார்ச் 4 அன்று மாமன்றம் கூடியது. ஆர். பிரியா போட்டியின்றித் தேர்வானார். அதாவது மேயருக்காக ஒரு ஓட்டுகூடப் பதிவாகாமலே சென்னைக்கு மேயர் கிடைத்தார். இந்த ஊரில் மேயரைக் கணிப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைத்தெருவில் நூறு பேரிடம் "யாருக்கு உங்கள் ஆதரவு?" என்று கேட்டு என்ன பயன்? ஓட்டு யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார். அது தேர்தலுக்குத் தேர்தல் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 1996இலும் 2001இலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் மறைமுகத் தேர்தல். 2011இல் மறுபடி நேரடி. 2016இல் மறைமுகம் என்று சட்டம் வந்தது, ஆனால் தேர்தலே வரவில்லை. அந்த அக்டோபரில் நடக்கவிருந்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இடையில் நேரடி முறைக்கே திரும்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் மீண்டும் மறைமுகமானது. நகரங்களில் வாக்குப்பதிவு நடந்ததோ 2022இல்தான். 2022இல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஆகவே உன் முதல் கணிப்பு, தேர்தல் உரிய நேரத்தில் நடக்குமா என்பது. இரண்டாவது, எந்த முறையில் என்பது. இரண்டையும் எழுதாமல் மூன்றாவதான 'யார்' என்பதற்குத் தாவாதே.

முறை மாறினால் முடிவும் மாறுமா என்ற சந்தேகம் உனக்கு வரலாம். 2001ஐ எடுத்துக்கொள். அந்த மே மாதம்தான் அ.தி.மு.க. பெரும் வெற்றியோடு ஆட்சிக்கு வந்திருந்தது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். ஆளுங்கட்சிக்குத்தான் உள்ளாட்சி என்ற நம்மூர் வாய்ப்பாட்டின்படி சென்னையும் அவர்களுக்கே போயிருக்க வேண்டும். ஆனால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டதால் மு.க. ஸ்டாலின் இரண்டாம் முறையும் மேயரானார். கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்ட துணை மேயர் பதவி எதிரணிக்குப் போனது. ஒரே நகரம், ஒரே தேர்தல், இரண்டு முடிவுகள். மறு ஆண்டே, ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் வந்து, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் மேயர் பதவியை இழந்தது தனிக்கதை.

அந்த வாய்ப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2011இல் ஆட்சி மாறிய ஐந்தே மாதத்தில் நடந்த தேர்தலில் 10 மாநகராட்சிகளையும் அ.தி.மு.க. வென்றது. 2022இல் 21 மாநகராட்சிகளும் தி.மு.க. கூட்டணிக்கு. எந்தக் கட்சி என்று மட்டும் கேட்டால், ஆட்சியில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். உன் ஆசிரியர் அதற்காக உன்னை வேலைக்கு வைத்திருக்க மாட்டார். அவருக்கு ஆளின் பெயர் வேண்டும்.

பெயரைத் தருவதில் பாதி வேலையை அரசாணையே செய்துவிடுகிறது. 2022 ஜனவரியில் இட ஒதுக்கீட்டு ஆணை வந்தபோது, 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு என்றானது. சென்னையும் தாம்பரமும் பட்டியல் இனப் பெண்களுக்கு. அதுவரை சென்னைக்கு அடிபட்டுக்கொண்டிருந்த பெயர்களெல்லாம் அன்று மாலையே குப்பைக்குப் போயின. அதன் பிறகு செய்ய வேண்டியது பொறுமையான எழுத்தர் வேலை. ஆளும் அணியின் வேட்பாளர் பட்டியல் வந்ததும், அதில் தகுதியுள்ள பெண்கள் யார் யார், எந்த வார்டு, வெல்லக்கூடிய வார்டா, எந்த மாவட்டச் செயலாளரின் ஆள், படிப்பு, வயது, குடும்பத்தில் கட்சிக்காரர் யார் என்று ஒரு தாளில் எழுது. 200 வார்டு கொண்ட நகரத்துக்கு இருபது முப்பது பெயர்தான் தேறும். 74ஆவது வார்டில் போட்டியிட்ட 28 வயதுப் பெண்ணை அந்தத் தாளில் எழுதி வைத்திருந்த நிருபருக்கு மார்ச் மாதம் அதிர்ச்சி இருந்திருக்காது. வாய்க்கு வந்த பிரபலங்களை வைத்து விவாதம் நடத்தியவர்களுக்குத்தான் இருந்தது.

தாள் சரியாக இருந்தும் தப்பிக்க முடியாத ஊர் ஒன்று உண்டு. கும்பகோணம். மாநகராட்சியாகிச் சந்தித்த முதல் தேர்தல், 48 வார்டுகள். காங்கிரஸ் வென்றது இரண்டே இரண்டு. மேயரானவர் காங்கிரஸ்காரரான க. சரவணன், ஆட்டோ ஓட்டுநர். தி.மு.க. தலைமை கூட்டணிக் கட்சிக்கு ஒரு மேயர் பதவியை ஒதுக்க வேண்டியிருந்தது, ஒதுக்கியது, முடிந்தது. எந்த வார்டுக் கணக்கும் உன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. சென்னையில் தலைமை அலுவலகத்தில் நடக்கும் பங்கீட்டுப் பேச்சைக் கவனிக்கும் நண்பர் ஒருவர் உனக்கு வேண்டும். மறைமுகத் தேர்தலைக் கட்சிகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். முடிவு வந்த பிறகு, யாருக்கு எது என்று கையில் இருப்பதைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கலாம் அல்லவா?

ஆனால் மேலே பிரித்துக் கொடுத்ததைக் கீழே இருப்பவர்கள் ஏற்க வேண்டுமே. 2022 மார்ச் 4 அன்றே பல நகராட்சி, பேரூராட்சிகளில் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்ட தலைவர் பதவிகளில் தி.மு.க.வினரே போட்டியிட்டு வென்றுவிட்டார்கள். பதவி விலகும்படி கட்சித் தலைவரே பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மாநகராட்சியில் அப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் நெல்லையைப் பார்க்க வேண்டும்.

நெல்லையில் 55 வார்டு. தி.மு.க. 44, கூட்டணியினர் 7, அ.தி.மு.க. 4. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? 2022இல் பி.எம். சரவணன் போட்டியின்றி மேயரானார். பிறகு அவருடைய கட்சிக் கவுன்சிலர்களே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்பு நாளில் கவுன்சிலர்கள் ஒருவரும் வரவில்லை, தீர்மானம் விழுந்தது. வென்றுவிட்டார் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். ஜூலையில் அவர் பதவி விலகினார். அதே நாளில் கோவை மேயரும் விலகினார். ஆகஸ்ட் 5 அன்று புதிய மேயர் தேர்தல். கட்சி அறிவித்த ராமகிருஷ்ணன் 30 ஓட்டுப் பெற்று வென்றார். எதிர்த்து நின்றவரும் தி.மு.க. கவுன்சிலர்தான். அவருக்கு 23. எதிர்க்கட்சியின் நான்கு பேரும் அவருக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், குறைந்தது 19 பேர் ஆளும் அணியிலிருந்து தலைமையின் சொல்லைத் தாண்டியிருக்கிறார்கள். மறுநாள் கோவையில் ரங்கநாயகி போட்டியின்றித் தேர்வானார். இரண்டு ஊரிலும் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை, ஒரே வாரம். கோவையில் அமைதி, நெல்லையில் இப்படி. வேறுபாட்டை எந்தப் புள்ளிவிவரத்திலும் காண மாட்டாய். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எத்தனை பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடை, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான். கவுன்சிலரை அது தொடாது. ரகசிய வாக்கெடுப்பு வேறு. சண்டிகர் மேயர் தேர்தலில் 2025 ஜனவரியில் ஆம் ஆத்மி, காங்கிரஸ் இரண்டும் சேர்ந்தால் 20 ஓட்டு, பா.ஜ.க.வுக்கு 16. எண்ணிப் பார்த்தால் பா.ஜ.க. வேட்பாளருக்கு 19, எதிரணிக்கு 17. மூன்று பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மன்றத்தில் நடந்தது இன்னும் மோசம். தேர்தலை நடத்திய அதிகாரி எட்டு ஓட்டுகளைச் செல்லாதவையாக்கி 16க்கு 12 என்று பா.ஜ.க. வேட்பாளரை வென்றவராக அறிவிக்க, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 20 அன்று அதைத் தள்ளிவிட்டு ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயர் என்றது. ஓட்டை எண்ணுபவர் எப்படி எண்ணுவார் என்பதையும் கணிக்க வேண்டியிருந்த தேர்தல் அது. இதையெல்லாம் எந்தச் சூத்திரத்தில் அடக்குவாய்?

சரி, வார்டுக் கணக்குக்கு வருவோம். சென்னை முழுக்க ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்தால் ஒரு வார்டுக்கு ஐந்து பேர். ஐந்து பேரை வைத்து எந்த வார்டையும் சொல்ல முடியாது. அந்த ஆயிரம் பேர் நகரத்தின் பொதுவான காற்றைச் சொல்வார்கள், அவ்வளவுதான். வார்டுக்குள் இறங்க ஒரே வழி படிவம் 20. சட்டமன்றத் தேர்தலில் பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு அதில் இருக்கிறது. வார்டு வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து பிரிக்கப்படுவதுதான், ஆகவே தெருப்பெயரை வைத்து பூத்களை வார்டுகளோடு பொருத்தலாம். சலிப்பான வேலை. யாரும் செய்வதில்லை என்பதால் செய்பவருக்கு மதிப்பு.

பொருத்திய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022இல் மாநிலத்தின் சராசரி வாக்குப்பதிவு 60.7 சதவீதம், சென்னையில் சுமார் 43.6. சராசரி வார்டில் முப்பதாயிரம் வாக்காளர்கள் என்றால் வந்தவர்கள் பதிமூன்றாயிரம் சொச்சம். பலமுனைப் போட்டியில் ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டு எடுத்தவர் கவுன்சிலர். சட்டமன்றத்துக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டு உள்ளாட்சிக்கு வீட்டில் இருந்துகொள்பவர் யார் என்பதைத்தான் தேட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கேள், "யாருக்கு?" என்று கேட்காதே. "போன முறை பூத் எங்கே இருந்தது?" என்று கேள். பூத் தெரியாதவர் வரமாட்டார். குடிசைப் பகுதியில் பூத் ஸ்லிப் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேள். எல்லாத் தெருவுக்கும் ஒரே கட்சிக்காரர் மட்டும் வந்திருந்தால் அந்த வார்டைத் தயக்கம் இல்லாமலே எழுதிவிடலாம்.

வெளிநாட்டில் நேரடி மேயர் தேர்தல்களைக் கருத்துக்கணிப்பாளர்கள் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று யாராவது உன்னிடம் பெருமை பேசினால், கனடாவின் கால்கரியில் 2017இல் என்ன நடந்தது என்று கேள். மெயின்ஸ்ட்ரீட் நிறுவனம் கடைசியாக வெளியிட்ட கணிப்பு, அப்போதைய மேயர் நஹீத் நென்ஷி 13 புள்ளிகள் பின்தங்கியிருக்கிறார் என்றது. ஃபோரம் என்ற இன்னொரு நிறுவனம் அவர் 17 புள்ளிகள் முன்னால் என்றது. கடைசியில் நென்ஷி 51.4க்கு 43.7 என்று வென்றார். இரண்டு கணிப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தனித்தனியாக இருப்பதைவிட உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. அதை ஒரு முறையாகக் கற்றுக்கொள்ளாதே, அது அதிர்ஷ்டம். தவறான கணிப்பை வெளியிட்டதைவிட, ஐயம் எழுந்தபோது மெயின்ஸ்ட்ரீட் நிறுவனம் கேள்வி கேட்டவர்கள் மீது பாய்ந்ததுதான் அதற்கு அதிகக் கெட்ட பெயரைத் தந்தது.

எழுதும்போது, கட்சிக் கணக்கையும் ஆள் கணக்கையும் ஒரே வாக்கியத்தில் போடாதே. "140 முதல் 160 வார்டு" என்று ஒரு வரி. "மேயர் இந்த மூவரில் ஒருவர், முதல் பெயருக்கு வாய்ப்பு பாதிக்குக் கீழே" என்று இன்னொரு வரி. பாதிக்குக் கீழே என்று அச்சில் போட ஆசிரியர் தயங்குவார். வற்புறுத்து. தேதியும் போடு. கவுன்சிலர்களை வெளியூர் விடுதிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், யாரை அழைத்துப் போனார்கள் என்பதைவிட யார் போகவில்லை என்று விசாரி. ஓட்டுக்கு இவ்வளவு என்று தொகை சொல்பவரை நம்பாதே. சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தத் தொகையைக் கேட்பவர்கள்.

2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி நான்கும் சேர்ந்து மாநகராட்சிகள் 25 ஆகிவிட்டன. அந்த நான்கிலும் வார்டு எல்லை புதிதாக வரும், ஆகவே அவற்றைக் கடைசிக்கு வை. படிவம் 20ஐப் பிரிக்கும் வேலையை நெல்லையில் தொடங்கு. 55 வார்டுதான், ஒரு மாதத்தில் முடியும். தச்சநல்லூர், மேலப்பாளையம் பக்கத்து பூத்களில் தெருப்பெயர் குழப்பம் வரும். அந்தத் தாள்களை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்