நடவும் நடக்கட்டும், நம் இடுப்பும் நிலைக்கட்டும்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் படித்துப் பேச நாம் எடுத்துக்கொள்வது இடுப்பு வலி. பாகூர், வில்லியனூர் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டம் வந்தாலும் நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். "பொம்பளைன்னா இடுப்பு வலி இருக்கத்தான் செய்யும்" என்று நாமே சொல்லிவிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குகிறோம். வலி முற்றினால் கூலி போகும். கூலி போனால் குழுக் கடன் தவணை நிற்கும். ஆகவே இது ஒருத்தியின் வீட்டு விஷயம் இல்லை, குழு பேச வேண்டிய விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் 61.9 கோடி பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்தது. அதிலும் பெண்களுக்கே அதிகம்.

ஏன் வலிக்கிறது?

கீழ் முதுகில் 5 எலும்புகள் அடுக்காக உள்ளன. எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் இந்த வட்டின் மேல் விழும் அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கும்போது 100 என்று வைத்தால், முன்னால் குனியும்போது 150. குனிந்தபடியே கையில் சுமை பிடித்தால் 220. ஒரு தடவை குனிவதால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பதும், சுமையோடு இடுப்பைத் திருப்புவதும்தான் கெடுதல்.

வயலில்

* அரை மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் நிமிருங்கள். இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்பக்கம் வளையுங்கள். 6 மணி நேர வேலையில் இது 24 நிமிடம்தான்.
* ஒருத்தி மட்டும் நிமிர்ந்தால் "நிக்கிறா பாரு" என்பார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. காண்ட்ராக்ட் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.
* நாற்று முடிச்சைப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். எட்டி எடுக்கும்போதுதான் இடுப்பு பிடிக்கும்.
* நடவு, நாற்று பறிப்பு, முடிச்சு எடுத்துப் போடுவது ஆகியவற்றை ஆள் மாற்றிச் செய்யுங்கள்.
* செம்மை நெல் சாகுபடியில் வரிசையாக நடுவதால், கோனோ வீடர் கருவியை நின்றபடியே தள்ளிக் களை எடுக்கலாம். கைப்பிடி இடுப்பு உயரம் இருக்க வேண்டும்; வயலில் லேசாகத் தண்ணீர் நிற்க வேண்டும். குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் குழுவாகப் போய் விவரம் கேளுங்கள்.

வீட்டில்

நிறைந்த கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. தனியாகத் தூக்காதீர்கள். எந்தச் சுமையானாலும் முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். குடத்தை ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி வையுங்கள். பெருக்க நீளக் காம்பு துடைப்பம் நல்லது.

வலி வந்துவிட்டால்

பத்தில் ஒன்பது பேருக்கு வரும் வலிக்குத் தனியான நோய்க் காரணம் இருக்காது. அநேகமாகச் சில வாரங்களில் குறையும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாள்கணக்கில் படுத்தே இருக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடுங்கள், சுமையை மட்டும் தவிருங்கள். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதிலேருந்து வலி" என்று பலரும் சொல்வது உண்டு. வருடக்கணக்கான வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போட்டால் வயிற்றுப்புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

* கால் மரத்துப்போவது, பலம் குறைவது
* சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது
* தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமை
* காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது
* கீழே விழுந்த பிறகு வந்த வலி

காலும் சிறுநீரும் சம்பந்தப்பட்டதென்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அரசுப் பொது மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேர் தினமும் வலி மாத்திரை போடுகிறோம்?
2. அடுத்த நடவில் சேர்ந்து நிமிர்வதற்கு நேரம் சொல்ல யார் பொறுப்பு?
3. குழுப் பணத்தில் ஒரு கோனோ வீடர் வாங்கி வாடகைக்கு விட முடியுமா?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அறுவடைக்குப் பிறகு அதை எடுத்துப் பார்ப்போம்.