தறியும் ஏடும்

கோயில்களாலும் பட்டாலும் பெயர்பெற்ற நகரம் காஞ்சிபுரம். அவ்விரண்டிற்கும் இளையாத கல்விப் புகழும் அதற்கு உண்டு. கருநாடக நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு, கதம்பர் மரபை நிறுவிய மயூரசன்மன் நான்காம் நூற்றாண்டிலே தன் ஆசிரியரோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தான் என்று கூறுகின்றது. கடிகை என்பது அந்நாளைய உயர்கல்வி நிலையம். மணிமேகலையும் இந்நகரில் பசித்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்து, பின்னர் அறவண அடிகளிடம் அறங்கேட்டாள் என்று காப்பியம் உரைக்கின்றது. முதலில் உணவு, அடுத்துக் கல்வி என்னும் அம்முறை ஆழ்ந்த பொருளுடையது.

இத்தகைய நகரிலும், சூன் திங்களில் பள்ளிக்கு வந்த சிறுவர் சிலர் ஏப்பிரல் தேர்வுக்கு முன்பே காணாமற்போகும் காலம் ஒன்று இருந்தது. அதன் காரணத்தைத் தறியிடத்தே காணலாம். காஞ்சிப் பட்டுச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டும் இழையோடு இழை பிணைந்து பிரியாது நிற்கவேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. தறியில் அமர்ந்த நெசவாளர் ஒருவரே மூன்றையும் செலுத்துதல் அரிது. மறுபக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்ப ஓர் உதவியாள் வேண்டும். அவ்விடத்தில் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனோ சிறுமியோ அமர்ந்தனர். திருமண மாதங்களை எதிர்நோக்கி வேலை மிகும்பொழுது, பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை இன்றியமையாததாயிற்று. தொழில் தருபவரிடம் பெற்ற முன்பணம் தீராத வீடுகளில் அக்கையைப் பள்ளிக்கு விடுதல் மேலும் அரிதாயிற்று. இது பெற்றோரின் அன்பின்மையால் நேர்ந்ததன்று, வறுமையால் நேர்ந்தது.

பள்ளியை விட்டு நீங்குதல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் மாணவன் ஒரு கிழமை வாரான். அக்கிழமையில் பின்னக் கணக்குத் தொடங்கியிருக்கும். திரும்பி வந்தவனுக்கு அடுத்த பாடமும் விளங்காது. விளங்காமை நாணத்தைத் தரும். நாணம் அவனைக் கடைசி இருக்கைக்குத் தள்ளும். கடைசி இருக்கைக்கும் பள்ளி வாயிலுக்கும் தொலைவு மிகுதியன்று.

இக்கேட்டை நீக்க அரசு பல வழிகளில் முயன்றது. 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டமும் தோன்றியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகட்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவரைத் தொழிலில் அமர்த்தலாகாது என்றது. எனினும் பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்னும் விலக்கு அச்சட்டத்தில் உண்டு. உதவி எங்கு முடிகின்றது, உழைப்பு எங்குத் தொடங்குகின்றது என்பதை வகுப்பில் மாணவன் முகத்தை நாள்தோறும் காணும் ஆசிரியரே முதலில் உணரக்கூடும்.

ஆசிரியர் இதற்கு என் செய்யலாம்? நன்னூல் ஒரு வழி காட்டுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது கால்கூறு அறிவே; உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால்கூறு வரும்; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிறையும் என்பது பவணந்தியார் கருத்து. ஆதலின் வந்த மாணவன், வாராத தோழனின் வீட்டுத் திண்ணையில் மாலையில் அமர்ந்து அன்றைய பாடத்தைச் சொல்லுதல் இருவர்க்கும் ஊதியம். வாராதவன் பாடத்தைப் பெறுகின்றான். சொன்னவன் அதனை நிறைவாகப் பெறுகின்றான்.

இவ்விதி ஆசிரியர்க்கும் பொருந்தும். பிறர்க்கு உரைப்பவர் தாமும் கற்றவண்ணம் இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டுக் குறிப்பையே இவ்வாண்டும் ஒப்பிப்பவர் வகுப்பில், வாராதவன் இழந்தது இன்னதென அவனுக்கே தோன்றாது. படிக்கும் ஆசிரியரோ நாளைய பாடத்திற்காக மாணவனை ஏங்கவைப்பார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. அரசன் மறைந்து மரபு தடைப்பட்டபொழுது, இரணியவன்மனுடைய மைந்தர் மூவர் அரசேற்க மறுத்தனர். பன்னிரண்டு வயதினனான நான்காம் மைந்தன் ஒருவனே இசைந்தான். அவனே இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன். இதனைப் படித்தறிந்த ஆசிரியர் பன்னிரண்டு வயது மாணவரை அச்சிற்பங்களின்முன் நிறுத்தும்பொழுது, வரலாறு அவர்கட்கு உறவாகிவிடுகின்றது.

இடையில் விட்ட படிப்பைத் தொடரலாம் என்பதற்குச் சான்றும் இந்நகரிலேயே உண்டு. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் கைத்தறி நெசவாளர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தவர் அண்ணாதுரை. பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர், குடும்ப நிலை கருதிப் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். ஆயினும் கல்வியை அவர் கைவிடவில்லை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து 1934இல் பட்டம் பெற்றார். சில காலம் ஆங்கில ஆசிரியராகவும் பணிபுரிந்தார். வாழ்நாள் முழுதும் நூல்களை விடாது பயின்ற அவர் 1967இல் முதலமைச்சரானார். அவர் பெயரால் 2010ஆம் ஆண்டு சென்னையில் திறக்கப்பெற்றது ஒரு பெருநூலகம். படிப்பை ஒருகால் நிறுத்தியவர் பெயரை நூலகம் தாங்கி நிற்பது நினைத்தற்குரியது.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை விட்டு எழுந்து போவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி, இரு முனைகளையும் இணைத்து முடிந்து, மேலே நெய்கின்றார். அறுந்த நாள்களைத் தேடி இணைப்பது ஆசிரியர் கடமை. இணைந்தபின் அறாது காப்பது மாணவர் கடமை. தோழனின் வெற்றிடத்தை முதலிற் கண்டு சொல்வது உடன் பயில்வோர் கடமை. இம்மூன்றும் கோர்வையாகப் பிணைந்தவிடத்து, கல்வியாண்டு என்னும் ஆடை இடையில் நின்றுபோகாது முந்தானைவரை நெய்து முடிக்கப்பெறும்.