வீடு தேடி வரும் உதவி

காலை மணி ஏழு. ஜெலாப்பாங்கில் ஒரு வரிசை வீட்டில் தனியாக வாழும் பாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். இன்று அவருக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் கண் பரிசோதனை. மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். பாட்டியை யார் அழைத்துச் செல்வது?

தோட்டத்து லயத்தில் இக்கேள்வி எழுந்திருக்காது. அங்கே ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். குடும்பங்கள் தாமான்களுக்குக் குடியேறிய பின், வாசலில் இரும்புக் கதவு வந்துவிட்டது. அண்டை வீட்டாருக்கு உதவும் மனம் இல்லாமல் இல்லை. அவர்களும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். சமூகநல இலாகாவின் வீட்டு உதவித் திட்டத்தில் தொண்டூழியர்கள் முதியோரைச் சென்று பார்க்கின்றனர். ஆனால், எல்லா வீட்டிற்கும் எல்லா நாளும் அவர்களால் வர இயலாது.

இந்தத் தேவையே ஒரு சிறுதொழிலுக்கு இடமளிக்கிறது. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பால் ஹோகன், லோரி ஹோகன் தம்பதியர் 1994-இல் இத்தகைய தொழிலைத் தொடங்கினர். தம் பாட்டியைக் குடும்பத்தினர் பராமரித்த அனுபவமே பால் ஹோகனுக்குத் தூண்டுகோலாக அமைந்தது. அவர்களின் ‘ஹோம் இன்ஸ்டெட்’ நிறுவனம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது.

நம் நாட்டில் இத்தொழிலைத் தொடங்குபவர், 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயரென்றால் 60 ரிங்கிட். இது எளிய வேலைதான்.

கடினமானது, எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுப்பது. சமைக்கலாம், வீட்டைக் கூட்டலாம், மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லலாம். ஊசி போடுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் பயிற்சி பெற்ற தாதியரின் பணி. “நீயே போட்டுவிடம்மா” என்று பாட்டி கெஞ்சினாலும் மறுக்கத்தான் வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முதியோரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க விரும்பினால், 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி அதனைத் தனியாகப் பதிய வேண்டும்.

அடுத்தது பணம். பாட்டி கடைக்குக் கொடுத்தனுப்பும் இருபது ரிங்கிட்டுக்கும் இரசீது வேண்டும்; மீதிச் சில்லறையை அவர் முன்னிலையிலேயே எண்ணி வைக்க வேண்டும். மருத்துவமனையில் எண் அழைக்கப்படும்வரை காத்திருக்கும் நேரத்திற்கும் கட்டணம் உண்டா? பணம் அனுப்பும் மகனிடம் இதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டியிடமும் சொல்ல வேண்டும். தமக்குத் தெரியாமல் விலை பேசியது தெரிந்தால், அடுத்த முறை அவர் கதவைத் திறக்க மாட்டார்.